போமி அம்மா

கப்பல் வாசலில் நின்றிருந்த பெண் இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்து, இடுப்பு மடியக் குனிந்து, "வாங்க, போமி அம்மா" என்றாள்.

நாரே திரும்பிப் பார்த்தாள். பின்னால் பெட்டியும் பையுமாக ஐம்பது அறுபது பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நேர் பின்னால் தூண்டில்காரர் தொப்பி போட்ட ஒரு பெரியவர், தனி ஆள். அவரை யாரும் போமி அம்மா என்று கூப்பிட்டிருக்க முடியாது. கணவன் கிவோன், மகள் யேரினைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே உள்ளே போய்விட்டான். வாசல்காரப் பெண் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள், பதில் வந்தால்தான் நிமிர்வாள் போலிருந்தது. பெரியவர் தொண்டையைக் கனைத்தார். யாருடைய பெட்டிச் சக்கரமோ நாரேயின் குதிகாலில் இடித்தது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

பூசான் பெண்களுக்கு வாய் நீளம் என்று தலைநகரத்துச் சியோல்காரர்கள் சொல்வார்கள். அதெல்லாம் மீன் சந்தையில். அத்தனை பேர் பார்க்கக் குனிந்து நிற்கிற சின்னப் பெண்ணிடம் "ஆள் மாறிப்போச்சும்மா" என்று சொல்லி அவள் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க நாரேக்கு மனசு வரவில்லை. என்ன, ஒரு பேர்தானே. அவள் பெற்றது யேரின் ஒருத்தியைத்தான், ஆறு வயசு. அந்த ஆறு வருஷமாக லிப்டிலும் பள்ளி வாசலிலும் பல் டாக்டர் வீட்டிலும் அவள் 'யேரின் அம்மா'தான். நாரே என்று பேர் சொல்லிக் கூப்பிட அவளைப் பெற்றவர்களை விட்டால் ஆளில்லை. கிவோனே 'யேரின் அம்மா' என்றுதான் கூப்பிடுவான், அவளும் 'யேரின் அப்பா' என்பாள். எத்தனையோ அம்மாக்கள் வருகிற இடம், ஒன்று மாறிப்போனால் என்ன கெட்டுவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவள் எதையும் சும்மா விடுகிற ஆளே இல்லை. ஓர் ஆரம்பப் பள்ளிச் சமையற்கூடத்துக்குப் பொறுப்பாளி. தினமும் ஆக்கிய ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு, தேதியும் மணியும் எழுதி ஒட்டி, ஆறு நாள் உறைபெட்டியில் வைத்திருக்கிற வேலை. எந்தப் பிள்ளைக்காவது வயிறு கெட்டால் எந்த நாள், எந்தச் சூப் என்று அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பாலை முகர்ந்து பார்க்காமல் ஊற்றமாட்டாள். கிவோன் கூட்டி வருகிற நண்பன் வாசல் தாண்டியதும் அவனைப் பற்றி நாலு கேள்வி கேட்பாள். "போலீஸ்ல சேரவேண்டியவ, சோத்துப்பானைக்கிட்ட மாட்டிக்கிட்டா" என்று கிவோன் கேலி செய்வான்.

மூன்று வருஷமாகக் கோடை விடுமுறைக்கு ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனிக் கப்பலில்தான் போய் வந்தார்கள். எல்லாவற்றிலும் வெண்ணெய் வாசம். சூப் கேட்டால் பால் மாதிரி ஒன்று வரும். நாரேக்கு அங்கே பேரும் கிடையாது, அறை எண்தான். போன வருஷம் அலுத்துப்போய், இனி இந்தக் கப்பல் வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். புதுக் கம்பெனியைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். 'எங்களிடம் நீங்கள் எண் அல்ல. வீட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிடுவோம், வீட்டில் சாப்பிடுவதையே சாப்பிடுவீர்கள்' என்று விளம்பரம். போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தாள். ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லவில்லை. அவளைப் போன்றவளுக்கு அதுவே உறுத்தியிருக்க வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் மூக்குதான் முதலில் விழித்துக்கொண்டது. புது விரிப்பின் மொடமொடப்பும், வறுத்த பார்லி போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் மணமும், ஜன்னல் ரப்பரில் ஊறிய உப்பும், இவற்றுக்கெல்லாம் அடியில், ரொம்ப அடியில், தலைக்குக் குளிப்பாட்டித் துவட்டாமல் விட்ட கைக்குழந்தையின் தலைமுடி வாசமும் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு கட்டில். பக்கத்தில் கம்பித் தடுப்பு வைத்த குட்டைக் கட்டில் ஒன்று. வாசற்படியில் மூன்று ஜோடிச் செருப்புகள் ஒழுங்காகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்று நாரேயின் உள்ளங்கை நீளம்தான் இருந்தது. யேரின் கால் அதில் பாதிகூட நுழையவில்லை.

"முன்பதிவுல வயசத் தப்பாப் போட்டுட்டியா?" என்று கேட்டான் கிவோன்.

நாரே தப்பாகப் போடுகிறவளா? கைபேசியை எடுத்துக் காட்டினாள். ஆறு வயசு என்று தெளிவாக இருந்தது. அவன் தோளைக் குலுக்கிவிட்டு அந்தச் செருப்பைக் கட்டிலடியில் தள்ளினான். யேரின் கம்பித் தடுப்பில் காலைப் போட்டுத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இது பாப்பா கட்டில், பாப்பா கட்டில் என்று பாடினாள்.

சாயங்காலம் கப்பல் கிளம்பி, துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற பாறைத் தீவுகளைத் தாண்டும்போது கடல்மேல் வெள்ளையாக ஒன்று படிந்து வருவது தெரிந்தது. கோடைக் கடல்பனி. சாப்பாட்டுக்கூடத்து ஜன்னல்களில் அது வந்து ஒட்டிக்கொண்டது. பரிமாற வந்தவள் ஐம்பது தாண்டியவள், கை சுத்தம், நகம் ஒட்ட வெட்டியிருந்தாள். நாரே அதைத்தான் முதலில் பார்த்தாள். கடற்பாசி சூப், சுட்ட கானாங்கெளுத்தி, மூன்று விதக் கிம்ச்சி. எல்லாம் அசல் வீட்டு ருசி. குறை சொல்ல நாக்கு தேடியும் கிடைக்கவில்லை. யேரின் முன்னால் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோற்றைக் குழைய மசித்து, மீனை உதிர்த்துப் போட்டு வைத்திருந்தாள்.

"போமிக்கு முள்ளெல்லாம் எடுத்தாச்சுங்க" என்றாள் அவள்.

யேரின் கிண்ணத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, போமி யாரு?"

கிவோன் சிரித்துவிட்டான். நாரே சிரிக்கவில்லை. மகள் பேர் யேரின் என்றும், வாசலிலேயே ஏதோ தவறு நடந்துவிட்டது என்றும், எழுதி வைத்திருந்தால் திருத்திக்கொள்ளும்படியும் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முகம் மலர்ந்தது.

"யேரினும் வந்திருக்காளா? நல்லதாப் போச்சு, போமி அம்மா. விளையாட ஆளில்லாம இருந்துது."

சொல்லிவிட்டுப் பார்லித் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். கிவோனுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அன்றைக்குப் படுக்கப் போகிற வரைக்கும், போமி அம்மா துண்டு எங்கே, போமி அம்மா பல் தேய்த்தாயிற்றா என்று சீண்டிக்கொண்டே இருந்தான். நாரே தலையணையால் ஓர் அடி போட்டாள். அந்தப் பேரைச் சொல்லாதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. யேரின் பெரிய கட்டிலில் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள். அந்தக் குட்டைக் கட்டில் ஜில்லென்று இருக்கிறதாம்.

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. கடல் இல்லை, வானம் இல்லை, வெறும் வெள்ளை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கப்பல் சங்கு ஊதியது. முதலில் காதுக்குக் கேட்காமல் பாதத்துக்கு வரும், பிறகு முழங்கால், பிறகு பல். ஊதி ஓய்ந்ததும் எல்லாச் சத்தமும் போய்விட்ட மாதிரி ஓர் அமைதி. கிவோன் யேரினைக் குழந்தைகள் விளையாட்டு அறைக்கு ஒரு மணி நேரம் கூட்டிப்போய் வந்தான். நாரே உள்ளே இருந்து பெட்டியை அடுக்கினாள். அடுக்குவதற்கு ஒன்றுமில்லை, கை சும்மா இருந்தால் மனசு என்னென்னவோ நினைத்தது.

யேரின் கன்னம் சிவக்க ஓடி வந்தாள். போமியோடு விளையாடினாளாம். போமி ரொம்பச் சின்னப் பாப்பாவாம், ஆனால் பேசுமாம். கை எப்போதும் ஈரமாம்.

"அவ அம்மா வரலன்னு அழுதா. அவ அம்மாவுக்கும் உன்ன மாதிரியே இங்க மச்சம் இருக்காம்" என்று நாரேயின் தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

நாரே அவள் விரலைத் தாடையிலிருந்து விலக்கினாள். ஆனாலும் சட்டென்று ஒரு நிம்மதியும் வந்தது. ஆக, போமி என்று ஒரு குழந்தை நிஜமாகவே இருக்கிறது. அதற்கு ஓர் அம்மா இருப்பாள். அந்த அம்மாவின் அறை தனக்கும் தன் அறை அவளுக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான். டப்பாவில் சீட்டு மாறி ஒட்டியிருக்கிறார்கள். பிரித்து ஒட்டினால் தீர்ந்தது.

விசாரணை மேஜையில் ஓர் இளைஞன் இருந்தான். தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். நாரே முழுதும் சொன்னாள். அவன் நடுவில் ஒரு தரமும் குறுக்கிடவில்லை.

"எங்க கப்பல்ல எழுதி வைக்கிற வழக்கமில்லைங்க" என்றான். "வாசல்ல ஒரு தரம் கூப்பிடுவோம். ஆமான்னு சொன்னா அதுதான்."

"சரி, போமின்னு ஒரு குழந்தை இருக்கா?"

"இருக்காங்களே."

"அப்ப அந்தக் குழந்தையோட அம்மா எந்த அறை?"

கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே கண்ணாடி தேடுகிறவர்களை நாம் பார்ப்போமே, அப்படி அவளைப் பார்த்தான். கொஞ்சம் பரிதாபம், கொஞ்சம் சிரிப்பு.

"நீங்கதானேங்க."

நாரே அங்கே சத்தம் போட்டாள். பூசான் வாய் கடைசியில் திறந்துகொண்டது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் எழுந்து நின்று குனிந்து, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எதற்கு மன்னிக்க வேண்டும் என்று கடைசி வரை சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் கிவோனிடம் எல்லாம் சொன்னாள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். நாளைக்குக் கப்பல் நிற்கப்போகிற ககோஷிமா துறைமுகத்தில் இறங்கி, விமானத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அதுவரை யேரினை ஒரு நிமிஷம்கூடக் கைவிடக்கூடாது. கிவோன் சோற்றை மென்றுகொண்டே கேட்டான். அவன் நல்லவன், சண்டைக்காரன் இல்லை. அவள் தட்டில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தான்.

"சாப்பிடு, போமி அம்மா. ஆறிடும்."

நாரே அவன் முகத்தையே பார்த்தாள். கேலி இல்லை. கண்ணோரத்தில் அந்தச் சுருக்கம் இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னீங்க இப்ப?"

"மீன் ஆறிடும்னேன்."

"என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். பிறகு, எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். யேரின் சூப்பில் மிதந்த பாசியைக் கரண்டியால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

இனி பேசிப் பயனில்லை. கடவுச்சீட்டு. அதில் இருக்கிறது பேர். பியோ நாரே, பிறந்த தேதி, படம். ஏறும்போதே மூவருடையதையும் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் பிறகு யார் என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன. கிவோனை அறையில் உட்காரவைத்து, யேரின் கையை எடுத்து அவன் கையில் வைத்து, நான் வரும் வரை விடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். விடமாட்டேன் என்று அவனும் இரண்டு தரம் சொன்னான்.

மேஜையில் இப்போது வேறொரு பெண். கடவுச்சீட்டுதானே, எடுத்து வருகிறோம் என்று மரியாதையாக ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். பார்லித் தண்ணீர் வைத்தார்கள். சங்கு ஊதியது. ஓய்ந்தது. ஊதியது. கைபேசியில் சிக்னல் செத்துக் கிடந்தது. யாருக்காவது போன் போட முடிந்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியலைப் புரட்டினாள். சியூ அம்மா. தோயுன் அம்மா. ஐந்தாம் மாடி இரட்டையர் அம்மா. ஒருத்திக்கும் பேர் தெரியாது. அவர்கள் போனிலும் தன் பேர் இருக்காது.

பொழுது போகாமல், வருவதற்கு முன் சேமித்து வைத்திருந்த அந்தப் பாராட்டுகளை எடுத்தாள். சாப்பாடு பிரமாதம் என்று ஒருத்தர். பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இன்னொருத்தர். அடுத்த வருஷமும் வருவோம். என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மகள் அழாமல் இருந்தாள். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனவளின் விரல் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி மேலே போனாள். ஒவ்வொன்றாக, எழுதியவர் பேரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மின்ஜே அப்பா. சுவா அப்பா. இரு மகன்களின் அப்பா. ரியூல் அப்பா.

நாற்பத்தொரு பேர். எல்லாரும் அப்பாக்கள். ஓர் அம்மாகூட எழுதவில்லை.

வீட்டில் இப்படியெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யார்? அம்மாக்கள்தானே. பள்ளியைப் பற்றி, பல் டாக்டரைப் பற்றி, முட்டைக்கடையைப் பற்றி எழுதுவது யார்? அப்பாக்கள் எதற்கு எழுதுகிறார்கள்? இந்தக் கப்பலில் வந்த அம்மாக்கள் எங்கே? நாரே எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுத்து நிறுத்தவில்லை.

நடைபாதையில் பனி உள்ளே வந்துவிட்டதோ என்று தோன்றியது. விளக்குகளைச் சுற்றி ஒரு மங்கல். தரை விரிப்பு காலடியைத் தின்றது. ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். எல்லாக் கதவும் ஒரே கதவு. கடைசியில் தங்கள் அறையைக் கண்டுபிடித்துத் திறந்தாள்.

கிவோன் தரையில் ஒரு காகிதத்தை விரித்து, குனிந்து உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். டிக். டிக்.

"யேரின் எங்க?"

"விளையாட்டு அறையில."

"விடமாட்டேன்னு சொன்னீங்களே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை, பயமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டு, வெட்டிப் போட்ட நகங்களைக் காகிதத்தோடு மூடி, மரியாதைக்கு முழங்காலில் எழுந்தான்.

"அவங்க அம்மா போய்க் கூட்டிட்டு வருவாங்க. நீங்க போமியப் பாருங்க."

நீங்க. அவன் அவளை 'நீங்க' என்றான்.

அவள் ஓடினாள். மணி ஐந்தரை. ஐந்தரைக்கு விளையாட்டு அறையை மூடுவார்கள். மாடிப்படி. கைப்பிடி ஈரமாக இருந்தது. அடுத்த படி. சங்கு. பாதம், முழங்கால், பல். எதிரில் வந்த இரண்டு சிப்பந்திகள் சுவரோடு ஒதுங்கிக் குனிந்தார்கள். மெதுவாப் போங்க, போமி அம்மா. விழுந்துடாதீங்க, போமி அம்மா.

விளையாட்டு அறைக்கு இடுப்பு உயரக் கதவு. வெளியே சின்னச் செருப்புகளின் வரிசை. நாலைந்து அம்மாக்கள் நின்றிருந்தார்கள். மஞ்சள் ஏப்ரன் போட்ட ஆசிரியை ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லி, பிள்ளையைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஊரில் பள்ளி வாசலில் நடப்பது போலவேதான். உள்ளே, மூலையில், முதுகில் பையை மாட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள் யேரின்.

இருக்கிறாள். உயிரோடு, முழுசாக, இருக்கிறாள். நாரேக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யேரின்! வா, வா, போலாம்."

யேரின் நிமிர்ந்தாள். வாசலைப் பார்த்தாள். நாரேயைத் தாண்டிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். மறுபடி முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க, போமி அம்மா" என்றாள் ஆசிரியை. "போமி செருப்பு போட்டுக்கிட்டிருக்கா."

"எனக்கு யேரின் வேணும். நான் யேரின் அம்மா."

ஆசிரியையின் முகம் மாறியது. கெட்ட முகம் இல்லை, பொறுப்பான முகம். கதவின் தாழ்ப்பாள்மேல் மெல்லக் கையை வைத்துக்கொண்டாள். "யேரின் அம்மா இன்னும் வரலைங்க. அவங்க வந்தாதான் அனுப்ப முடியும். வேற யார்கிட்டயும் பிள்ளையக் குடுக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நாரே வேலை பார்க்கிற பள்ளியிலும் அதே விதி. நல்ல விதி என்று அவளே சொல்லியிருக்கிறாள். கைபேசியை எடுத்து, போன வாரம் கடற்கரையில் எடுத்த படத்தைக் காட்டினாள். அவளும் யேரினும் கன்னத்தோடு கன்னம். தாடையில் மச்சம். ஆசிரியை குனிந்து பார்த்துவிட்டு ஆமோதித்துத் தலையாட்டினாள்.

"ஆமாங்க, இவங்கதான் யேரின் அம்மா. இவங்க வரட்டும், அனுப்பறேன்."

"இது நான்! என் மூஞ்சியப் பாருங்க!"

பார்த்தாள். பொறுமையாக, நேராக, கனிவாகப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு யேரின் எழுந்து வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இரண்டு கையையும் தொப்புள்மேல் கோத்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி, அழகாகக் குனிந்தாள்.

"வணக்கங்க, போமி அம்மா. எங்க அம்மாவப் பாத்தீங்களா?"

"நான்தாண்டி கண்ணு. நான்தான் அம்மா. என்னப் பாரு."

யேரின் ஓர் அடி பின்னால் போனாள். ஆசிரியையின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள். யார் வந்து என்ன சொன்னாலும், அம்மாதான் அனுப்பினாள் என்று சத்தியம் பண்ணினாலும், போகக்கூடாது என்று நாரே அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை அதை மறக்கவில்லை. அந்தப் பெரிய கண்களில் பயம். தன்னைப் பார்த்துத் தன் பிள்ளைக்குப் பயம்.

அப்போதுதான் கை.

தொங்கிக்கொண்டிருந்த அவள் இடது கைக்குள் ஒன்று நுழைந்தது. சின்னது. ஜில்லென்று. விரல் நுனியெல்லாம் சுருங்கி, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய தோல். துவட்டாத தலைமுடியின் வாசம் மேலே ஏறி வந்தது. நாரே கீழே பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது. பார்த்தால் முடிந்தது. கையை உதறினாள். வரவில்லை.

ஆசிரியை அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகைத்தாள்.

"யேரின் அம்மா, வாங்க வாங்க."

"வந்துட்டேன், நேரமாயிடுச்சு" என்றது பின்னால் ஒரு குரல். நம் குரலை நாமே போனில் பதிவு செய்து கேட்டால் வேறு யாருடையதோ போலக் கேட்குமே. அந்தக் குரல்.

யேரினின் முகம் மலர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. "அம்மா!" என்று கத்திக்கொண்டு அவள் நாரேயின் இடுப்பை உரசியபடி ஓடினாள். பை குலுங்கியது. நாரே திரும்ப முயன்றாள். அந்தப் பிடி விடவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது.

நடைபாதை. மங்கல் விளக்கு. ஒரு பெண்ணின் முதுகு, நாரே போட்டிருந்த அதே சட்டை. அவள் கையைப் பிடித்துத் துள்ளித் துள்ளிப் போகிற யேரின். கத்தினாள். சங்கு ஊதியது. கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

திருப்பத்தில் யேரின் நின்றாள். நல்ல பழக்கமுள்ள பிள்ளை. சொல்லிக்கொள்ளாமல் போகமாட்டாள். திரும்பி, கைகளைக் கோத்து, நாரேயைப் பார்த்து ஒரு தரம் குனிந்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்தி, நாரேயின் இடுப்புக்குப் பக்கத்தில், சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

"போமி, நாளைக்கு வரமாட்டேன். நாங்க இறங்கிடுவோம்."

நாரேயின் இடுப்பருகே ஒரு கை மேலே எழுந்து, மெதுவாக, பதிலுக்கு ஆடியது. அவள் கையைப் பிடித்திருந்த கை பிடியை விடவில்லை.